கண்ணைக் கூசவைத்த டாஷ்போர்டு

குரோம் முலாம் போடுகிறவனிடம் யாரும் காருக்காக வருவதில்லை. தங்கள் முகம் அதில் தெரியுமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். ஐம்பதுகளில் செங்கல்பட்டு ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் முலாம் பட்டறை வைத்திருந்த எனக்கு இது முதல் மாசமே புரிந்துவிட்டது. மதராசில் தொழில் பழகிவிட்டு, சொந்த ஊரான புதுப்பட்டினத்துக்குத் திரும்பாமல், ரோடும் ரயிலும் கூடுகிற இடமாகப் பார்த்துக் கடை போட்டேன். பிழைக்கத் தெரிந்தவன் என்று இப்போதும் என்னை நானே மெச்சிக்கொள்வதுண்டு.

ஈயம் பூசுகிறவர்கள், வெள்ளையடிக்கிறவர்கள், சலவைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும். அடுத்தவன் பொருளை நாம் பளிச்சென்று ஆக்கிக் கொடுப்போம். அதற்கும் சேர்த்து நாமே வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

உப்புக் காற்று என் கூட்டாளி

தொழிலில் எனக்குக் கூட்டாளி என்று யாரும் கிடையாது, கடற்கரைக் காற்றைத் தவிர. மகாபலிபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் போய்வருகிற கார்களில் வெளியே பம்பரும் உள்ளே டாஷ்போர்டும் சீக்கிரமே புள்ளி தட்டிவிடும். மீட்டரைச் சுற்றியிருக்கும் வளையம், ஓரப் பட்டை, குமிழ் என்று ஒவ்வொன்றாகக் கறுக்கும். எல்லாவற்றையும் கழற்றி, பழைய முலாமை ஆசிட்டில் எடுத்து, பஃப் என்கிற துணிச் சக்கரத்தில் தேய்த்து, நிக்கல் தொட்டியில் ஒரு முக்கு, குரோம் தொட்டியில் ஒரு முக்கு. தொட்டியில்தான் பளபளப்பு வருகிறது என்று எல்லோருக்கும் நினைப்பு. கிடையவே கிடையாது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தூசியைத் தின்றுகொண்டு, கை மரத்துப்போகிற மட்டும் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் என்னை அடிக்க ஜில்லாவில் ஆள் இல்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மீன்காரர் ஒருவர் செங்கல்பட்டுச் சந்தைக்கு வரும்போதெல்லாம் பட்டறையில் எட்டிப் பார்ப்பார். நான் கழித்துப் போட்ட பளபளப்பான சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு போவார். எதற்கென்று கேட்டேன். தூண்டில் முள்ளுக்கு மேலே கட்டிவிட்டால் மீன் தானாக வருமாம். அந்த அற்பத் தகரத்துக்கா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"காரு வச்சிருக்கிறவங்க மட்டும் இன்னாத்துக்கு உன்கிட்ட வர்றாங்கன்னு நெனைக்கிற பாய்?"

வெள்ளைக்காரன் ஒளித்த தங்கம்

திருக்கழுக்குன்றத்தில் ரைஸ்மில் வைத்திருந்தவர் சபாபதி முதலியார். வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஒரு பெரிய அமெரிக்கன் காரை வாங்கி வைத்திருந்தார். டாஷ்போர்டு முழுக்க வளையமும் பட்டையுமாக, பார்த்தால் நகைக்கடை மாதிரி இருக்கும். அதை ஓட்டியவர் ஏழுமலை, ஐம்பதைத் தாண்டிய மனுஷர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும்.

முதலியார் வீட்டம்மா சுத்தத்தில் கெட்டிக்காரி. பூஜை அறைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற புளியையும் செங்கல் தூளையும் ஏழுமலையிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் டாஷ்போர்டையும் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். அவரும் சொன்ன சொல் தட்டாமல் தேய்த்திருக்கிறார். விளக்கு தாங்கும், குரோம் தாங்குமா? முலாம் முழுக்கப் போய், அடியில் இருந்த பித்தளை மஞ்சளாகத் தலைகாட்டியது. ஒருநாள் முதலியார் காரோடு என் பட்டறை வாசலில் வந்து இறங்கினார். கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவரோ ஏதோ தோற்றுப்போனவர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளே தங்கம் வைத்து மேலே தகரம் பூசியிருக்கிறான் வெள்ளைக்காரன் என்று நினைத்து, ஒரு வளையத்தைக் கழற்றிக்கொண்டு ரகசியமாகப் பத்தரிடம் போயிருக்கிறார். பத்தர் உரைகல்லை எடுக்கக்கூட இல்லையாம். பார்த்தாலே பித்தளை என்று தெரிகிறதே என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"எனக்கும் தெரியும் பாய். ஆனா அந்தாளு வாயத் தொறந்து சொல்றமுட்டும் எவ்ளோ சந்தோசமா இருந்திச்சு தெரியுமா?"

மீசை தெரிகிறது

அந்த டாஷ்போர்டை நான் செய்துகொடுத்த அழகை என் வாயால் சொல்லக்கூடாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வளையத்தையும் சக்கரத்தில் நானே பிடித்துத் தேய்த்தேன். திருப்பி மாட்டியபோது, கதவைத் திறந்த முதலியார் குனிந்து, ஸ்பீடாமீட்டர் வளையத்தில் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். அம்மா பின்சீட்டிலிருந்து எட்டி, ஓரப் பட்டையில் பார்த்து நெற்றிக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டார். சந்தே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அந்த ஒரு காரை வைத்தே என் பேர் மதுராந்தகம் வரைக்கும் போனது.

ஏழுமலை ஒருவர்தான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை கார் செங்கல்பட்டு வந்தபோது பார்க்கிறேன், நான் உயிரைக் கொடுத்துத் தேய்த்த டாஷ்போர்டு மேல் தன் ஈரத் துண்டை நீட்டி விரித்துப் போட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தலையில் கட்டுகிற துண்டைப் போட இதுதான் இடமா என்று கேட்டேவிட்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"காயட்டும்னு போட்டேன் பாய்."

சவுக்குக் கட்டை

முதலியார் வீட்டம்மாவுக்கு இளைப்பு இருந்தது. கடல் காற்று படட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் புருஷனும் பெண்டாட்டியும் காரில் மகாபலிபுரம் போய்வருவார்கள். அப்படிப் போகும்போது ஒருநாள், பூஞ்சேரிக்கு முன்னால் ரோட்டோரம் அடுக்கி வைத்திருந்த சவுக்குக் கட்டையில் போய் ஏழுமலை காரை இடித்துவிட்டார். யாருக்கும் அடியில்லை, பம்பர் மட்டும் நெளிந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு மாட்டு வண்டியை உரசுகிற மாதிரி போய்த் தப்பித்திருந்தார்களாம்.

பம்பரை என்னிடம் கொண்டுவந்த முதலியார் ஆடித் தீர்த்துவிட்டார். எதிர்வெயில் அடித்தது, கண் தெரியவில்லை என்றால் மன்னிக்கலாம். இவர்கள் போனது கிழக்கே, சாயங்கால வெயில் முதுகுக்குப் பின்னால். அப்புறமும் மலை மாதிரி நின்ற கட்டை தெரியவில்லை என்றால் கண் அவிந்துபோய்விட்டது என்றுதானே அர்த்தம் என்றார். நீங்கள் பின்னால்தானே உட்கார்ந்திருந்தீர்கள், எதுவும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அன்றைக்கும் வழக்கம்போலத் தூங்கிவிட்டாராம். அம்மாவோ தூசிக்குப் பயந்து முந்தானையை முகத்தில் போர்த்திக்கொண்டே வருகிறவர். தீபாவளிக்குள் மதராசிலிருந்து சின்ன வயசு டிரைவர் ஒருவன் வரப்போகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழுமலை குடியிருந்தது மில்லுக்குப் பின்னால் இருந்த வீட்டில். வேலை போனால் வீடும் போகும். அது போகட்டும், கண் கெட்டவன் என்று ஒரு முதலாளி சொல்லி அனுப்பிவிட்டால் வேறு எந்த முதலாளி கார் சாவியைக் கொடுப்பார்? காரைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்த அவரிடம் போய், என்ன அண்ணாத்த இப்படி ஆகிப்போச்சு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

"எனக்கு இந்த வண்டியத் தவிர ஒண்ணும் தெரியாது பாய்."

கழுகு வந்தாச்சா?

நிமிர்த்தி முலாம் போட்ட பம்பரை மாட்ட நானே மில்லுக்குப் போனேன். உச்சி வேளை. திருக்கழுக்குன்றத்து மலைமேல் தினமும் மத்தியானம் கழுகு வந்து சோறு தின்னும் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். முதலியாருக்குத் திடீரென்று ஒரு யோசனை. ஏழுமலையை மில் முற்றத்தில் நிறுத்தி, மலை உச்சியைக் காட்டி, கழுகு வந்தாச்சா என்று கேட்டார். கண்ணைப் பரிசோதிக்கிறாராம். நெல் மூட்டை தூக்குகிறவர்கள் கூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள்.

ஏழுமலை நெற்றியில் கைகூட வைக்கவில்லை. ஒன்று பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்று இப்போதுதான் வட்டமடித்து இறங்குகிறது என்று பட்டென்று சொன்னார். நானும் பார்த்தேன், சொன்னது சரிதான். ஆள் தேறிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதலியார் மட்டும் கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, இரண்டு அடி முன்னால் போய், மறுபடியும் பின்னால் வந்து பார்த்தார். கடைசியில் பரீட்சை செல்லாது என்று சொல்லிவிட்டார்.

"அவன் சொல்றது நெசமா பொய்யான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு மலையே பூசினாப்பல கீது."

முன்சீட்டில் நான்

ஒரு கல்யாணத்துக்காக முதலியாரும் அம்மாவும் ரயிலேறிக் காஞ்சிபுரம் போனார்கள். அவர்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்ட ஏழுமலை நேரே என் பட்டறைக்கு வந்தார். இந்தப் பளபளப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்த முடியுமா என்று கேட்டார். சமையல்காரனிடம் போய், குழம்பு ருசியாக இருக்கிறது, கொஞ்சம் கெடுத்துக் கொடு என்று கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. காது கேட்காதவன் போல் சக்கரத்தைச் சுற்றவிட்டேன். அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்து வண்டியில் குந்து என்றார்.

சாயங்காலம், திருக்கழுக்குன்றம் ரோட்டில் கிழக்கே போனோம். கொஞ்ச தூரத்துக்கு ஒன்றும் இல்லை. நான் என் வளையங்களை ரசித்துக்கொண்டே வந்தேன். ரோடு ஒரு இடத்தில் நேர் கிழக்காகத் திரும்பியது. பின்கண்ணாடி வழியாக வெயில் உள்ளே பாய்ந்து டாஷ்போர்டில் பட்டதும், அத்தனை வளையமும் ஒரே நேரத்தில் முகத்தில் அடித்தது. யா அல்லா! கண்ணுக்குள் ஊசி குத்திய மாதிரி இருந்தது. ரோடு இல்லை, மரம் இல்லை, எதிரே எருமை வந்தாலும் தெரிந்திருக்காது. வெயில் பின்னால்தான் இருந்தது, முதலியார் சொன்னது வாஸ்தவம். அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது என் கைவேலை. எதிரே வண்டி வாசி இல்லாததால் ஏழுமலை காரை ஓரம்கட்டி நிறுத்தினார்.

இதை முதலியாரிடம் நானே சொல்கிறேன், ஒரே பேச்சில் முடிந்துவிடும் என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வாயே திறக்காத மனுஷர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"கண்ணு கூசுதுன்னு சொன்னா, பாத்தியா அவனே ஒத்துக்கினான்னு சொல்லிடுவாரு. உன் கைய காலா நெனைச்சுக் கேக்கறேன், சொல்லாத பாய்."

மங்கல்

குரோமைச் சும்மா தேய்த்தால் மங்காது, கீறல்தான் விழும். எனவே எல்லாவற்றையும் கழற்றி, குரோமை எடுத்துவிட்டு, கீழே இருந்த நிக்கல்மேல் நைஸ் மணலை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தேன். எந்தக் கை முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்கியதோ அதே கைதான். மேலே மறுபடி குரோம் ஏற்றினேன். இஸ்திரி போட்ட கதர் மாதிரி, சாந்தமான ஒரு வெளுப்பு வந்தது. வேலை என்னவோ சுத்தமான வேலை. ஆனால் அதில் முகம் தெரியாது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து திரும்பிய முதலியார் ஸ்டேஷன் வாசலிலேயே பார்த்துவிட்டார். நேரே பட்டறைக்கு வந்து, நடுச் சந்தில் நின்று கத்தினார். என்ன ஆச்சு என்று கேட்டார். ஏழுமலை காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புக் காத்து மொதலாளி, முலாம் நிக்க மாட்டேங்குது, அதனாலே இப்படி மாத்திப் போட்டேன் என்றேன். என் முலாம் நிற்கவில்லை என்று நானே சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் என்னிடம் வேலை கொடுத்தவர்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதலியார் அவர்கள் எல்லோரையும் பார்த்தே சொன்னார்.

"இவரு பெரிய இவருன்னு நம்பி வந்தேன். செங்கல் தூளே தேவலாம்போல கீதே!"

மகாபலிபுரம் ரோட்டில் ஒரு வெள்ளிக்கிழமை

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஏழுமலை பட்டறைக்கு வந்து, முதலாளி உன்னைக் கையோடு கூட்டிவரச் சொன்னார் என்றார். உன் வேலை லட்சணத்தை நீயே வண்டியில் உட்கார்ந்து பார் என்பது உத்தரவு. தீபாவளி நெருங்கிவிட்டது. திட்டவா, டிரைவரை மாற்றிவிட்டேன் என்று சொல்லவா, எதற்காகக் கூப்பிடுகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. திருக்கழுக்குன்றத்தில் அவரும் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். நான் முன்சீட்டில். கார் கிழக்கே திரும்பியது.

பின்னாலிருந்து வெயில் வந்து டாஷ்போர்டில் பட்டது, அங்கேயே நின்றுவிட்டது. பூஞ்சேரிக்கு முன்னால் ஒரு மாட்டு வண்டி, பின்பக்கம் நீளமாகச் சவுக்குக் கழியை நீட்டிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. ஏழுமலை தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்தார், ஹார்ன் அடித்தார், நிறைகுடம் தளும்பாத பதத்தில் ஒதுங்கித் தாண்டினார். மெல்லத் திரும்பிப் பார்த்தேன். எப்போதும் தூங்குகிற முதலியார் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா முகத்தில் முந்தானை இல்லை. இந்த ரோட்டில் இத்தனை பனைமரம் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடற்கரையில் அம்மா இறங்கி மணலில் நடக்கப் போனார். முதலியார் என்னையும் ஏழுமலையையும் பக்கத்தில் கூப்பிட்டார். மதராஸ் பையனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றார். ஏழுமலை அப்படியே மட்கார்டில் சாய்ந்துவிட்டார். பிறகு முதலியார் இன்னொன்றும் சொன்னார். அவர் ஒருநாளும் காரில் தூங்கியதே இல்லையாம். அந்த வெளிச்சம் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டே வந்திருக்கிறார். ஏற்கெனவே மலை பூசினாற்போலத் தெரிகிற கண், இப்போது அடியோடு போகப்போகிறது என்று பயந்து, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவோ, புருஷன் ஆசையாகச் செய்துவைத்த பளபளப்பைக் குறை சொல்லக்கூடாது என்று முந்தானைக்குள் புகுந்துகொண்டிருக்கிறார். என் கண் கெட்டுவிட்டது என்ற பயத்தில் டிரைவர் கண்ணைப் பழித்துக்கொண்டிருந்தேன் என்று ஏழுமலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முதலியார் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டேஷன் வாசலில் மங்கலைப் பார்த்தபோதே உங்கள் கண்ணுக்குச் சுகமாகத்தானே இருந்தது, அப்புறம் எதற்கு நடுச் சந்தில் நிறுத்தி என் மானத்தை வாங்கினீர்கள் என்று கேட்டேன். இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

"பளபளப்பு போனா திட்டணுமில்ல பாய்? இல்லாட்டி ஊரு என்னை இன்னான்னு நெனைக்கும்?"

அதற்குப் பிறகு என் பட்டறையில் முதலாளிகள் வந்தால் பளபளப்பு, அவர்களுடைய டிரைவர்கள் தனியாக வந்தால் மங்கல் என்று இரண்டு வேலையும் குறைவில்லாமல் நடந்தது. திட்டு வாங்குகிற வேலைக்கு மட்டும் கடைசிவரை நான் ஒருத்தன்தான்.